பூட்டும் திறப்பும்
திறப்பு மாற்றும் தொழிலின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள் – பளைப் பிரதேசத்தை முன்னிறுத்தி

1. பொருளும் நோக்கமும்

நமது சமூக வரலாற்றாய்வுகள் நிலம், நீர், சாதி, சமயம் ஆகியவற்றை விரிவாக நோக்கியுள்ளன. அன்றாட வாழ்வின் சிறு கருவிகளோ அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. பூட்டு அவற்றுள் ஒன்று. வீட்டுக்குள் எவர் புகலாம், எவர் புகலாகாது என்ற தீர்மானத்தை ஓர் உலோகத் துண்டின் வடிவிலே நிலைநிறுத்துவது பூட்டு ஆதலின், அதனைச் சமூக உறவொன்றின் பருப்பொருள் வடிவம் எனக் கொள்ளலாம். அவ்வுறவு மாறும்போது பூட்டுக்கு யாது நேர்கிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

திறப்பு தொலைந்துவிட்டது; வாடகைக்கிருந்தோர் வெளியேறிவிட்டனர்; வீடு கைமாறிவிட்டது; குடும்பத்தில் ஒருவர் இனி அவ்வீட்டுக்குள் வரலாகாது என்றாகிவிட்டது. இத்தகைய வேளைகளிற் பூட்டையே கழற்றியெறிந்து புதியதொன்றை வாங்குவது பெருவழக்கு. அதற்கு மாறாக, பூட்டின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் உள்ளுறுப்புகளை மட்டும் மாற்றிப் பழைய திறப்பைப் பயனற்றதாக்கிப் புதிய திறப்பொன்றுக்கு இணங்கச் செய்வதும் இயலும். இதனை இங்கு ‘திறப்பு மாற்றம்’ என்று வழங்குவோம். இவ்விரு முறைகளுக்குமிடையிலான வேறுபாடு செலவுக் கணக்கோடு முடிந்துவிடுவதன்று. பண்டம், உழைப்பு, உரிமை ஆகிய மூன்றையும் தழுவியது. போரினாலும் இடப்பெயர்வினாலும் வீடும் திறப்பும் பிரிந்துபோன பளைப் பிரதேசத்தை முன்னிறுத்தி இதனை நோக்குவது பொருத்தமாகும்.

2. சொல்லும் இலக்கியமும்

முதலிற் சொற்களை நோக்குவோம். ‘பூட்டு’ என்ற வினை அடைத்தலை மட்டும் குறிப்பதன்று. ஏர் பூட்டுதல், வண்டி பூட்டுதல், வில்லில் நாண் பூட்டுதல் என்ற வழக்குகள் இணைத்தற் பொருளையே தருகின்றன. கதவையும் நிலையையும் இணைப்பது என்ற பொருளிலேயே அது கதவுக்குரிய கருவியின் பெயராயிற்று எனலாம். அதனைத் திறக்கும் கருவியைத் தமிழகத்தார் ‘சாவி’ என்பர். இது போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல். ஈழத் தமிழரோ ‘திறப்பு’ என்பர். போர்த்துக்கேயரின் நேரடி ஆட்சிக்குட்பட்டு, யன்னல், அலுமாரி முதலிய சொற்களை அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்ட யாழ்ப்பாணத்தில், அலுமாரியைத் திறக்கும் கருவிக்குத் தமிழ்ச் சொல்லே நிலைத்துவிட்டமை மனங்கொள்ளத்தக்கது.

பூட்டுக்கு முந்தியது தாழ். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை அரண்மனைக் கதவை வருணிக்குமிடத்து, கைத்திறன் வாய்ந்த கம்மியன் ஒருவன் தாழொடு கூடிய கதவை இடைவெளியின்றி இறுகப் பொருத்தியதைக் கூறுகிறது. அரசியின் தனிமையைப் பாட வந்த புலவர் கதவு செய்தவனின் கையையும் ஒரு கணம் நின்று நோக்கியிருக்கிறார். பின்வந்த அரண்மனை வருணனைகள் பலவற்றில் மாடமும் மணியும் எஞ்ச, அவற்றை ஆக்கியோன் மறைந்துபோகிறான்.

திருமறைக்காட்டுக் கதை மற்றொரு சான்றாகும். வேதங்கள் வழிபட்டு அடைத்த கோயிற் கதவை நாவுக்கரசர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி மீண்டும் அடைத்தார் என்று பெரியபுராணம் கூறும். கதவு அடைபட்டிருந்த காலத்தில் மக்கள் வேறொரு வாயிலாற் சென்று வழிபட்டனர் என்பதும் அக்கதையின் பகுதியே. அடைக்கும் அதிகாரம் எவரிடமுள்ளது, திறக்கும் அதிகாரம் எவருக்குக் கிட்டுகிறது என்ற வினா பக்தியின் மொழியில் அங்கு பேசப்படுகிறது.

அதே வினா நமது மண்ணில் வேறு மொழியிற் பேசப்பட்டது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதி காரணமாக வழிபாட்டிடங்களிலும் பொது இடங்களிலும் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. எனினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மறிக்கப்பட்டனர். சட்டத்தின்படி வாயில் திறந்திருந்தது. வாயிலின் மீதான அதிகாரமோ கைமாறவில்லை. தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தின் போராட்டம் கேட்டது வேறொரு கோயிலையன்று. அதே கோயிலின் புகும் உரிமையையே கேட்டது. கட்டடம் நிற்க, உறவு மாறவேண்டும் என்ற இக்கோரிக்கையின் அமைப்பு நமது பொருளுக்கும் தொடர்புடையது என்பதைப் பின்னர் காண்போம்.

3. பூட்டின் உள்ளமைப்பும் முதலாளித்துவ உற்பத்தியும்

மரத்தாலான முளைப் பூட்டுகள் பண்டைய எகிப்தில் வழங்கியவை. எனினும் இன்று நாம் அறிந்த பூட்டு கைத்தொழிற் புரட்சியின் குழந்தை. இங்கிலாந்தில் ரொபேட் பரன் 1778இல் நெம்புத் தகட்டுப் பூட்டுக்கும், ஜோசப் பிரமா 1784இல் தமது உருளைப் பூட்டுக்கும் காப்புரிமை பெற்றனர். 1818இற் சப் நிறுவனத்தாரின் பூட்டு வந்தது. கள்ளத்தனமாகத் திறக்க முயன்றால் அதனைக் காட்டிக்கொடுப்பது அதன் சிறப்பு. தனிச்சொத்துக் குவிந்த நகரங்களிலேயே பூட்டின் நுட்பமும் வளர்ந்தது என்பது தற்செயலன்று. 1851ஆம் ஆண்டு இலண்டன் மாபெரும் பொருட்காட்சியின்போது அமெரிக்கரான ஹொப்ஸ், சப் பூட்டைச் சில நிமிடங்களிலும், பிரமா பூட்டைப் பதினாறு நாட்களிற் பரந்த ஐம்பத்தொரு மணிநேர உழைப்பிலும் திறந்து காட்டினார். சொத்துடைய வர்க்கத்தின் நிம்மதி குலைந்ததைப் பற்றி அக்காலப் பத்திரிகைகள் நிரம்ப எழுதின.

அப்பூட்டுகளைச் செய்தோரின் நிம்மதி வேறு கதை. இங்கிலாந்தின் பூட்டுத் தொழில் குவிந்திருந்த ஊர் வில்லன்ஹோல். 1840களின் தொடக்கத்தில் அங்கு சென்ற சிறுவர் வேலைவாய்ப்பு ஆணைக்குழுவினர் பயிலுநர் சிறுவர்கள் பட்ட அடியையும் பசியையும் பதிவு செய்தனர். அப்பதிவுகளை எங்கெல்ஸ் 1845இல் வெளிவந்த தமது இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்க நிலை பற்றிய நூலிற் பயன்படுத்தினார். அதே ஆண்டில் டிஸ்ரேலி எழுதிய ‘சிபில்’ நாவலில் வரும் வோட்கேற் என்ற ஊர் வில்லன்ஹோலின் சாயலிலே படைக்கப்பட்டதென்பர். பழைமைவாதியான நாவலாசிரியரும் புரட்சியாளரும் ஒரே அறிக்கையிலிருந்து ஒரே ஊரைக் கண்டனர். ஒருவருக்கு அது ஒழுங்கு குலைந்ததன் அச்சம், மற்றவருக்கு அது சுரண்டலின் சான்று. நாளெல்லாம் அரம் தேய்த்துக் கூன் விழுந்த உடல்களே செல்வர் வீட்டுக் கதவுகளைக் காத்தன.

திறப்பு மாற்றம் என்ற எண்ணமும் இக்காலத்ததே. நியூ ஜேர்சியைச் சேர்ந்த சொலமன் அன்றூஸ் 1836இல், உள்ளுறுப்புகளைச் சொந்தக்காரரே மாற்றியமைக்கத்தக்க பூட்டொன்றை ஆக்கினார். பின்னர் லைனஸ் யேல் என்னும் இளையவர் 1861இலும் 1865இலும் காப்புரிமை பெற்ற முளைப் பூட்டு, தட்டையான சிறு திறப்புடன் உலகெங்கும் பரவியது. இன்று நம் வீட்டுக் கதவுகளிற் காணப்படுவன பெரும்பாலும் இதன் வழிவந்தவையே.

இதன் அமைப்பை விளங்கிக்கொள்வது அவசியம். வெளி உருளைக்குள் சுழலும் உள் உருளை ஒன்றுண்டு. இரண்டையும் ஊடறுத்து ஐந்து அல்லது ஆறு துளைகள். ஒவ்வொன்றிலும் கீழ்முளை, மேல்முளை, சுருள்வில் என மூன்று உறுப்புகள். கீழ்முளைகள் வெவ்வேறு நீளமுடையவை. உரிய திறப்பை நுழைத்தால் அதன் வெட்டுகள் கீழ்முளைகளை உயர்த்தி, அவற்றின் தலைகள் அனைத்தையும் இரு உருளைகளும் சந்திக்கும் கோட்டில் நிறுத்தும். அப்போதுதான் உள் உருளை சுழலும். ஐந்து முளைகளும் ஒவ்வொன்றுக்கும் பத்து உயரங்களும் எனக் கொண்டால், கணக்களவில் ஓர் இலட்சம் வேறுபட்ட திறப்புகள் கிட்டும். நடைமுறையில் இத்தொகை குறைவே.

ஆகவே திறப்பை மாற்ற விரும்புபவர் பூட்டை மாற்ற வேண்டியதில்லை. பழைய திறப்பால் உள் உருளையைச் சற்றே திருப்பி, அதே பருமனுள்ள குழலொன்றால் அதனை வெளியே தள்ளவேண்டும்; குழல் மேல்முளைகளும் சுருள்விற்களும் சிதறாது தாங்கிக்கொள்ளும். பின் கீழ்முளைகளைக் கொட்டிவிட்டு, புதிய திறப்பை நுழைத்து, அதன் வெட்டுகளுக்கேற்ற நீளமுள்ள முளைகளை இடவேண்டும். தலைகள் சமமாக நின்றால் வேலை முடிந்தது. நெம்புத் தகட்டுப் பூட்டாயின், பெட்டியைத் திறந்து தகடுகளை மாற்றியோ வரிசை மாற்றியோ அவற்றுக்கேற்பத் திறப்பை அராவவேண்டும். பழைய திறப்பே இல்லாதவிடத்து நுட்பம் கூடும்: வெட்டப்படாத திறப்பை நுழைத்துத் திருகி, முளைகள் பதித்த மெல்லிய தடங்களைக் கண்ணாற் கண்டு, அவ்விடங்களை மட்டும் அரத்தால் தேய்த்துத் தேய்த்துத் திறப்பை உருவாக்கவேண்டும். கண்ணும் விரலும் சேர்ந்து கற்கும் அறிவு இது.

எனினும் எல்லாப் பூட்டுகளும் இதற்கு இடங்கொடா. திருகாணியால் மூடப்பட்ட பூட்டைத் திறந்து பார்க்கலாம். தட்டி மழுக்கிய ஆணியால் நிரந்தரமாக மூடப்பட்ட மலிவான தொங்கு பூட்டை உடைக்காமற் திறக்கவியலாது. எந்த ஆணியை இடுவது என்ற சிறு தீர்மானத்திலேயே, இப்பண்டம் பழுதுபார்க்கப்படுமா எறியப்படுமா என்பது உற்பத்திச்சாலையில் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. இயந்திரம் தேய்ந்துபோகாமலே மதிப்பிழக்கும் நிலையை மார்க்ஸ் மூலதனம் முதற்பாகத்தில் விளக்கியுள்ளார். அங்கு மலிந்த, மேம்பட்ட இயந்திரங்களின் போட்டியே காரணம். பூட்டின் நிலை இதனின் வேறானது. உலோகம் தேயவில்லை, மேம்பட்ட பூட்டொன்றும் வந்துவிடவில்லை, ஒரு மனித உறவு மாறியிருக்கிறது, அவ்வளவே. உறவின் மாற்றத்தைப் பண்டத்தின் பழுதாகக் காட்டி, முழுப் பண்டத்தையும் மீள விற்பதே சந்தையின் வழி. திறப்பு மாற்றம் உடலையும் உரிமையையும் வேறுபிரித்துக் காண்கிறது. மாறவேண்டியதை மட்டும் மாற்றுகிறது.

இந்நிலையிற் தமிழகத்தின் திண்டுக்கல்லை நினைவுகூர்தல் தகும். கைவினையாகப் பூட்டுச் செய்யும் தொழில் அங்கு நெடுநாள் நிலவியது. மாங்காய் வடிவிலமைந்த மாங்காய்ப் பூட்டு அதன் அடையாளங்களுள் ஒன்று. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதற்குள் அலிகாரின் ஆலைப் பூட்டுகளும் சீன இறக்குமதியும் சந்தையைப் பெரிதும் கைப்பற்றிவிட, தொழிலாளர் பலர் வேறு தொழில்களை நாடிவிட்டனர். பெயர் காப்பாற்றப்படும் வேளையிற் கை தளர்ந்துபோதல் நமது கைவினை வரலாற்றில் மீளமீளக் காணப்படும் முரண்பாடாகும்.

4. பளை: வீடும் திறப்பும் பிரிந்த வரலாறு

பளை யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்கிழக்குப் பகுதியிலுள்ள தென்னஞ்சோலைப் பிரதேசம். நிலவியலாற் குடாநாட்டைச் சேர்ந்ததாயினும், நிருவாகத்தாற் கிளிநொச்சி மாவட்டத்தின் பச்சிலைப்பள்ளிப் பிரிவுக்குட்பட்டது. கண்டி வீதியும் புகையிரதப் பாதையும் அதனூடே செல்கின்றன.

இங்கு பூட்டு எல்லோருக்கும் பொதுவான பொருளாக இருந்ததில்லை. கல்வீட்டுக்கும் மரக்கதவுக்குமே பூட்டு உரியது. கிடுகால் வேய்ந்த மண்வீட்டுக்குத் தட்டியே கதவு; கயிறே பூட்டு. நாற்சார் வீட்டில் நெல்லும் நகையும் இருந்த அறைக்குப் பெரும் பூட்டும், தோட்டத்திற் கூலிக்கு உழைத்தவரின் கொட்டிலுக்குப் படலையும் இருந்த சமூகம் அது. பூட்டின் பரவலை வர்க்க வேறுபாட்டின் வரைபடமாகவே வாசிக்கலாம்.

யாழ்ப்பாண வழக்கிற் சீதனமாக வீடு மகளுக்குச் செல்வது பெரும்பான்மை. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையிலும் சீதனம் முதன்மையான இடம் பெறுகிறது. ஆகவே வீட்டுத் திறப்பு தாயிடமிருந்து மகளுக்கு வரும் பொருளாயிற்று. ஆயினும் தேசவழமையின்படி மணமான பெண் கணவனின் இசைவின்றி அசையாச் சொத்தைக் கைமாற்ற இயலாது. திறப்பு அவளது மடியிலும் அதிகாரம் வேறிடத்திலும் இருந்த இந்நிலை நமது நாவல்களிலும் சிறுகதைகளிலும் போதிய அளவு ஆராயப்படவில்லை.

1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டபோது வடபகுதிப் புகையிரத சேவை நின்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளாற் சில மணிநேர அவகாசத்தில், சில இடங்களிற் சில நாள் அவகாசத்தில், வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவிற் தென்மராட்சி நோக்கி நகர்ந்தனர். பலர் பளையைக் கடந்து வன்னிக்குச் சென்றனர். 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் போரோடு பளையும் போர்க்களமாகி, அங்கிருந்தோரும் இடம்பெயர்ந்தனர். பின் 2009 ஜனவரி வரை முகமாலை முன்னரங்கின் அருகே அப்பிரதேசம் கிடந்தது. முகமாலையிற் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகளை அகற்றும் பணி போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்தும் நீண்டது. இவ்விடப்பெயர்வுகள் ஒவ்வொன்றிலும் வீடு நின்றது, மனிதர் சென்றனர். பூட்டிய வீட்டின் வரலாற்றை எழுதுவோர் தமிழரின் இழப்பை மட்டும் எழுதி, 1990இல் வெளியேற்றப்பட்டோரை விட்டுவிடுவராயின், அது வரலாறாகாது.

1948இற் தம் வீடுகளை இழந்த பாலஸ்தீன மக்கள் அவ்வீடுகளின் திறப்புகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகின்றனர். அங்கு பல வீடுகளும் பூட்டுகளும் அழிந்துபோயின; திறப்பு மட்டும் எஞ்சி, திரும்பும் உரிமையின் குறியீடாயிற்று. பளையில் நிலைமை மறுதலையானது. மக்கள் திரும்பினர், ஆனால் பல வீடுகளிற் கதவும் நிலையும் யன்னலும் ஓடும் கழற்றப்பட்டிருந்தன. கதவு எஞ்சிய இடங்களிற் பூட்டு இருந்தது. திறப்போ எங்கோ இடம்பெயர் முகாமொன்றில் தொலைந்திருந்தது, அல்லது எவர் கையில் என்று தெரியாதிருந்தது. குறியீட்டுக்குரிய இடம் இலக்கியத்தில் உண்டு. திரும்பி வந்தவருக்கு அன்றிரவே கதவைச் சாத்திக்கொண்டு உறங்க வழி வேண்டும்.

திறப்பு மாற்றத்தின் நடைமுறைப் பெறுமதி இங்குதான் தெளிவாகிறது. பழைய தேக்கங்கதவிற் பூட்டுக்கெனக் குடைந்த பொந்து அப்பூட்டின் அளவுக்கே உரியது. இன்றைய கடைப் பூட்டின் அளவு வேறாயின் கதவை மீளக் குடையவேண்டும். குடையக் குடையக் கதவு வலுவிழக்கும். பித்தளை உடல் நன்றாயிருப்பின் உள்ளுறுப்பை மட்டும் மாற்றுவதே கதவுக்கும் நன்று, கைக்கும் நன்று. அதற்கு எல்லையும் உண்டு. களப்புக் காற்றின் உப்பால் உள் உருளை அரித்துப்போயிருந்தாலும், கதவு உடைக்கப்பட்டுப் பூட்டின் நாக்கு வளைந்திருந்தாலும் புதிய பூட்டே வேண்டும். வலுவற்ற பூட்டு திறப்பு மாற்றத்தால் வலுவுள்ளதாகிவிடாது.

1990இன் பின்னர் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை, பழுதுபார்க்கும் அறிவைக் கட்டாயத்தின்பேரில் வளர்த்தது. எரிபொருள், மின்கலம், சீமெந்து முதலியன தடுக்கப்பட்டிருந்த காலத்தில், ஜாம்போத்தல் விளக்கும், சைக்கிள் டைனமோவால் இயங்கிய வானொலியும், மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளும் மக்களின் அன்றாடமாயின. இதனை வறுமையின் அழகெனப் போற்றுதல் தவறு. தடையை விதித்தோரின் குற்றம் அதனால் மறைந்துவிடும். ஆயினும் அக்கைகள் பெற்ற அறிவு உண்மையானது. 2002இன் பின்னர் பாதை திறந்ததும், 2009இன் பின்னர் சந்தை முழுமையாகத் திறந்ததும், எறிந்துவிட்டு வாங்கும் பழக்கமும் உடன்வந்தது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா பகுதிபகுதியாக வழங்கப்பட்டபோது, அத்தொகைக்குள் வீட்டை முடிக்க முனைந்த குடும்பம் மலிவான பூட்டைத் தெரிந்தால் அதனைக் குறைகூற இயலாது. 2014 மார்ச்சிற் பளைக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. ஏழு மாதங்களிற் பாதை யாழ்ப்பாணம் வரை நீண்டது. பாதையோடு பண்டமும் வந்தது.

5. திறப்பு எவர் கையில்?

திறப்பு மாற்றம் உரிமையை நடைமுறைப்படுத்தும் கருவி. உரிமையை ஆக்கும் கருவியன்று. திரும்பி வந்தவரின் வீட்டில் இடம்பெயர்ந்த வேறொரு குடும்பம் குடியிருக்குமாயின், பூட்டின் முளைகளை மாற்றுவது ஏழையை ஏழை தெருவில் விடுவதாக முடியலாம். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, பத்தாண்டு எதிரிடையான தடையற்ற ஆட்சி உரிமையாக மாறக்கூடும். போரால் வெளியேறியவரை இது பாதித்ததால், 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே முதல் 2009 மே வரையான காலப்பகுதியைக் குறித்து விசேட ஏற்பாடு செய்தது. மறுபுறம், வன்னிக் குடியேற்றத் திட்டக் காணிகளை ஆளும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமையில் மூத்த ஆணுக்கு முதன்மை தந்திருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தமே அவ்வேறுபாட்டை நீக்கியது. சீதன வழக்கால் மகளிடம் வந்த திறப்பும், உத்தரவுப்பத்திரத்தால் மகனிடம் சென்ற காணியும் ஒரே மாவட்டத்தில் அருகருகே இருந்தன.

வீட்டு வன்முறையும் இங்கு கருதத்தக்கது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், துன்புறுத்துபவர் பாதிக்கப்பட்டவரின் வதிவிடத்துட் புகுவதை நீதிமன்றம் தடுக்கலாம். ஆனால் கட்டளை தாளில் இருக்க, பழைய திறப்பு அவரது சட்டைப் பையில் இருக்கும். அரைமணிநேர வேலையில், சிறு செலவில், அத்திறப்பை வெறும் உலோகமாக்கிவிடலாம் என்ற அறிவு போருக்குப் பின் தனித்துக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்களுக்கு எட்டவேண்டும். பூட்டை மாற்றப் பணமில்லை என்பதனால் ஒருத்தி இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை.

6. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், திறப்பு மாற்றம் மூன்று வகையில் முக்கியத்துவம் பெறுகிறது. பண்டத்தின் உடலையும் அது தாங்கும் உறவையும் வேறுபிரித்தறியும் பொருளாதார அறிவு அது. நெடுநல்வாடையின் கம்மியன் தொட்டு நமது தெருவோரத் தொழிலாளி வரை தொடரும், ஏட்டில் ஏறாத கைத்திறன் அது. திரும்பி வந்த மக்களின் பாதுகாப்போடு நேரடித் தொடர்புடைய சமூகத் தேவையும் அது.

ஆதலின் இரண்டு பணிகள் நம்முன் உள்ளன. பளை, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிற் பூட்டுத் திருத்தும் தொழிலாளரின் செய்முறைகளையும் கலைச்சொற்களையும் அவர்தம் வாய்மொழியாகவே தொகுத்தல் முதலாவது. ஒவ்வொரு முளைக்கும் தகட்டுக்கும் அவர்கள் வழங்கும் பெயரை நமது அகராதிகள் பெறவேண்டும். கம்மியத் தொழிலைச் சாதியின் பெயராற் தாழ்த்திய மனப்பாங்கை விடுத்து, தொழிற்பயிற்சி நிலையங்களில் இதனை ஒரு பாடமாக்கக் கோருதல் இரண்டாவது. இளைஞரும் யுவதியரும் ஒருசேரக் கற்கத்தக்கது இது. பெரும் முதலும் வேண்டாதது. இலக்கிய மாணவர் இத்தொகுப்புப் பணியிற் தொழிலாளரோடு அமர்வராயின், நமது ஆய்வுக்கும் அது புதிய வாயிலொன்றைத் திறக்கும்.